ஒரு கீற்றுப் பப்பாளி

கர்ப்பிணி எதைத் தின்னக்கூடாது என்று சொல்வது ஊரே சம்பளம் இல்லாமல் செய்கிற வேலை. நான் அதைச் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்தேன்.

அறுபதுகளின் நடுவில், சென்னையில் மனையியல் படித்துவிட்டுக் கல்யாணமாகிப் பம்பாய் மாடுங்காவுக்கு வந்து சேர்ந்தேன். தாராவி ஓரத்தில் இருந்த ஒரு தர்மப் பிரசவ விடுதியில் உணவு ஆலோசனை சொல்லும் வேலை கிடைத்தது. வீட்டில் சமையலை முடித்துவிட்டு, பூக்கடைகளைத் தாண்டி, லேபர் கேம்ப் என்ற தொழிலாளர் குடியிருப்பு வழியாக நடப்பேன். மல்லிகை வாசனை எங்கே தீர்ந்து தோல் ஊறும் வாடை தொடங்குகிறதோ, அங்கே என் உத்தியோகம் தொடங்கும். விடுதியில் ஒரு மராட்டிய டாக்டரம்மா, நாகர்கோவில் பக்கத்து நர்ஸ் எஸ்தர், நான். சுவரில் படம் மாட்டிக் குச்சியால் காட்டிப் பேசியதால் பெண்கள் என்னை 'டீச்சர்' என்றார்கள். எங்கள் மூவரில் எஸ்தர் சொன்னால்தான் கேட்டார்கள்.

அடுத்தவர் வயிற்றுக்குப் புத்தி சொல்லிப் பிழைத்தவர்களும், அடுத்தவர் புத்தியைக் கேட்டு வயிற்றைக் காயப்போட்டவர்களும் இதைப் படிக்கலாம். நாம் எல்லாரும் ஒரே குடும்பம்தான்.

படத்திலிருந்து விரட்டப்பட்ட பழம்

முதல் வாரமே ஒரு வண்ணப் படத்தை விரித்து மாட்டினேன். பால், முட்டை, கீரை, பருப்பு, நடுவில் பிளந்து வைத்த பழுத்த பப்பாளி. வரைந்தவர் ரசித்து வரைந்திருந்தார்; கறுப்பு விதைகள் மினுமினுத்தன. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களிடையே ஒரு சலசலப்பு. நிறைமாதத்துக்காரி ஒருத்தி முந்தானையால் வயிற்றை மூடிக்கொண்டாள். துணைக்கு வந்த பெண்கள் மகளின், மருமகளின் முகத்தைச் சுவர்ப் பக்கத்திலிருந்து திருப்பினார்கள். பார்த்தாலே கலைந்துவிடுமோ என்ற பயம்.

காயில் பால் இருக்கிறது, அதை விலக்குங்கள், நன்றாகப் பழுத்ததை அளவாகச் சாப்பிடலாம் என்று நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே பெஞ்சு பாதி காலியாகிவிட்டது. எஸ்தர் ஊசி கொதிக்க வைப்பதை விட்டுவிட்டு வந்தாள். பழைய காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து, சோற்றுப் பசை தடவி, பப்பாளியின் மேல் ஒட்டினாள். ஒட்டிவிட்டு என்னிடம் குனிந்து சொன்னாள்: "டீச்சர், பிள்ளையள உள்ள வரச் சொல்லணும்னா மொதல்ல இந்தப் பழத்த வெளிய போகச் சொல்லணும்."

கணக்கில் வராத காபி

தாராவிப் பெண்கள்தான் இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். மாடுங்காவில் எங்கள் மாடிக்குக் கீழ்வீட்டு மாமியின் மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். மாமிக்கு நான் படித்தவள் என்பதில் பெருமை. மகளுக்கு என்னென்ன கொடுக்கலாம் என்று என்னிடம்தான் கேட்பார். காபியைக் குறையுங்கள் மாமி, காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று போதும் என்றேன். பயபக்தியோடு தலையாட்டினார்.

அன்று மாலையே நான் படியிறங்கும்போது மகள் கையில் டவரா. சற்று முன்பு துணி உலர்த்தப் போனபோதும் அதே டவராவைப் பார்த்த ஞாபகம். என் பார்வை போன இடத்தை மாமி கவனித்துவிட்டார். முகத்தில் கொஞ்சமும் சங்கடம் இல்லை. "நீ சொன்ன காபியெல்லாம் கார்த்தாலையே ஆயிடுத்துடி, இது நான் குடிக்கறச்சே அவளுக்கும் ஒரு வாய், அவ்ளோதான்."

கோதுமைக்குத் துணை

அந்த வருஷங்களில் ரேஷனில் அரிசி வருவது பண்டிகை மாதிரி. மற்ற நாளெல்லாம் கப்பலில் வந்த கோதுமையும் சிவப்புச் சோளமும்தான். தெற்கத்திச் சோற்று நாக்கு அதைச் சபித்துக்கொண்டே விழுங்கியது. காலில் நீர் கோத்து வருகிறவர்களுக்கு உப்பைக் குறை, கருவாட்டை விலக்கு, ஊறுகாயைத் தொடாதே என்று சொல்வது என் வேலை. அப்போது வைத்தியம் அப்படித்தான் சொன்னது. ஈரல் நிறையத் தின்னு என்றும் சொன்னது. இப்போது ஈரலை அளவோடு என்கிறார்கள். வைத்தியத்துக்கும் வயதாகிறது, புத்தி மாறுகிறது. கேட்டவர்கள் கேட்டதோடு போய்விட்டார்கள்.

காயல்பட்டினம் பக்கத்திலிருந்து வந்த ஒரு முஸ்லிம் பெண்; கணவருக்குத் தோல் பை தைக்கிற சின்னப் பட்டறை. கால் இரண்டும் வீங்கி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். கருவாட்டு விஷயத்தை நான் சொல்லி முடிக்கும்வரை மரியாதையாகக் கேட்டாள். பிறகு, என்மேல் கோபமில்லாமல், ரேஷன் கடைக்காரனிடம் சொல்வதுபோலச் சொன்னாள்: "கருவாட்டையும் எடுத்துட்டிய டீச்சர், இனி இந்தக் கோதுமைய எதக் காட்டி ஏமாத்தி உள்ள அனுப்ப?"

யாரும் விலக்காத பண்டம்

தங்கபுஷ்பத்தை அந்தச் சமயத்தில்தான் பார்த்தேன். திருநெல்வேலிக்குத் தெற்கே ஏதோ கிறிஸ்தவ ஊர். கணவர் சவரிமுத்து தோல் கிடங்கில் வேலை. இவள் துணிப் பட்டறையில் சட்டைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள்; உண்டானதும் மாமியார் நிறுத்திவிட்டாள். நாக்கு வெளுத்து, கண்ணிமைக்குள் ரத்தமே இல்லாமல் இருந்தது. எஸ்தர் அவள் முந்தானை முடிச்சைத் தடவிப் பார்த்து அவிழ்த்தாள். உள்ளே கும்பார்வாடாக் குயவர்களிடம் வாங்கிய களிமண், நிழலில் காய்ந்து, வில்லை வில்லையாக. மசக்கையில் மண் தின்பவர்களை நாங்கள் நிறையப் பார்த்திருக்கிறோம். இவள் கையில் இருந்தது ஒரு வாரத்துச் சாப்பாடு.

இது ரத்தத்தை இன்னும் குறைக்கும், குடலில் புழு சேரும் என்று திட்டினேன். அவள் அழவில்லை. வீட்டில் என்ன தின்கிறாய் என்று கேட்டேன். தலைப்பிள்ளை ஆறாம் மாதத்தில் தங்காமல் போனதாம். அதனால் இந்தத் தடவை யார் எதைச் சொன்னாலும் விட்டுவிடுகிறாளாம். முட்டை சூடு, கீரை வாயு, மீன் கரப்பான், எள் ஆகாது, பூசணி குளிர்ச்சி. எதிர்க் கோலி வீட்டுக்காரி ஒன்று சொன்னாள், ஜெபத்துக்கு வருகிற அக்கா ஒன்று சொன்னாள். எல்லாரும் பிரியத்தோடுதான் சொன்னார்கள். எல்லாருடைய பிரியத்தையும் கழித்த பிறகு தட்டில் கஞ்சியும் ஒரு துவையலும் மிஞ்சின. முடிச்சை அவளிடம் திருப்பிக் கொடுக்காமல் நான் மேஜையில் வைத்தபோது சொன்னாள்: "அந்த மண்ண மட்டுந்தான் டீச்சர் யாரும் ஆகாதுன்னு சொல்லல."

கேட்காத கேள்வி

தலைப்பிள்ளை எப்படிப் போனது என்று எஸ்தர்தான் மெல்லக் கேட்டு வாங்கினாள். வேலை முடிந்து வரும்போது மாஹிம் ஸ்டேஷன் பக்கத்துத் தள்ளுவண்டியில் ஒரு கீற்றுப் பப்பாளி, உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவியது, வாங்கித் தின்றிருக்கிறாள். பழுத்த பழம். தெருக்காரி ஒருத்தி பார்த்துவிட்டாள். அதற்கு முன்பே விட்டுவிட்டுக் குளிர்காய்ச்சல் வந்துகொண்டிருந்தது. அதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. பப்பாளி தின்ற சில நாளில் பிள்ளை போயிற்று. தெரு அதற்கு ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டது. காஜா வேலையை விட மனமில்லாமல் வேண்டுமென்றே தின்றாள் என்றும் இரண்டொருவர் பேசினார்கள்.

மாமியார் நேருக்கு நேராகச் சொல்லிவிட்டாள். அது பரவாயில்லை என்றாள் தங்கபுஷ்பம். வீட்டுக்காரர் என்ன சொன்னார் என்று எஸ்தர் கேட்டாள். அவர் நல்லவர், குடிக்கமாட்டார், கை நீட்டமாட்டார், அவள் காய்ச்சலில் கிடந்தபோது தண்ணீர் பிடித்து வந்தவர். அந்த விஷயத்தை மட்டும் அவர் எடுக்கவே இல்லை. அவர் மனசில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளவே அவள் அந்த ஒரு வருஷமாக அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று எனக்குப் பட்டது. "அவிய ஒரு வார்த்த கேக்கல டீச்சர். கேட்டாலாவது இல்லன்னு சொல்லலாம்லா."

காய்ச்சலும் பழமும்

மாமியார் அன்னம்மாளை அழைத்து வரச் சொன்னோம். வந்தாள். வெள்ளைச் சேலை, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிலுவை, வாயில் வெற்றிலை. கெட்டவள் இல்லை, மருமகளை நிழலில் உட்காரவைத்துவிட்டுத் தான் வெயிலில் நின்றாள். டாக்டரம்மாவுக்குத் தமிழ் கொஞ்சம்தான் வரும். இந்தியும் தமிழும் கலந்து, கையை விரித்துச் சொன்னார்: "பழம் பண்ணலை. புகார், அந்த காய்ச்சல், அது பண்ணிச்சு. பழத்து மேலே கோபம் வேண்டாம்." நானும் எஸ்தரும் ஆளுக்கொரு பக்கம் இருந்து அதை நல்ல தமிழில் விளக்கினோம். ரத்தம் இல்லாத உடம்பு, அதில் அத்தனை நாள் காய்ச்சல், பிள்ளை எப்படித் தாங்கும்?

அன்னம்மாள் முழுவதையும் கேட்டாள். வெளியே போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தாள். எங்கள் மூன்று பேர் படிப்பையும் ஒரே கேள்வியில் மடித்து வைத்தாள். "காச்ச தெருவுல எல்லாத்துக்குந்தான் வந்துச்சு. பப்பாளிய எல்லாருமா தின்னாவ?"

டீச்சரிடம் கேட்டது

விட மனமில்லை. இன்னொரு நாள் அவர்கள் கோலிக்கே போனேன். ஒரே அறை, மேலே பலகையடித்து ஒரு பரண், சுவரில் மாதா படம், அதற்கு முன் காகிதப்பூ. அன்னம்மாள் எனக்காகப் பக்கத்து வீட்டில் பீங்கான் கோப்பை வாங்கி டீ கொடுத்தாள். நான் என் கடைசி ஆயுதத்தை எடுத்தேன். "நான் பப்பாளி விரும்பிச் சாப்பிடுகிறவள் அம்மா. காலையில் அதுதான் எனக்குப் பலகாரம். எனக்கு என்ன ஆகிவிட்டது?"

அன்னம்மாள் என் கோப்பையில் இன்னும் கொஞ்சம் டீ ஊற்றினாள். "டீச்சருக்குப் பிள்ளைய எத்தன?" என்று கேட்டாள். இல்லை என்றேன். கல்யாணமாகிச் சில வருஷம் ஆகியிருந்தது. அவள் கண்ணில் வெற்றி எதுவும் தெரியவில்லை, இரக்கம்தான் தெரிந்தது. தள்ளி உட்கார்ந்திருந்தவள் நகர்ந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பொறவென்ன தாயி, வேற சாட்சியா வேணும்? இனிமேலாவது அதத் தொடாதீய."

மருந்து என்ற பெயர்

அந்த வாரம் மாடுங்கா மார்க்கெட்டில் பப்பாளிக் கூடையைக் கடந்தபோது என் கால் தானாக வேகமெடுத்தது. பட்டம் வீட்டுப் பீரோவில் பத்திரமாக இருந்தது. பழி எப்படி உடம்புக்குள் இறங்குகிறது என்று அன்று கொஞ்சம் தெரிந்துகொண்டேன். என்னைப் போலப் புத்தி சொல்லும் தொழிலில் இருந்தவர்களுக்கு இப்படி ஒரு தருணம் கட்டாயம் வந்திருக்கும்.

தங்கபுஷ்பத்தின் வயிற்றை நிரப்ப எஸ்தர்தான் வழி கண்டுபிடித்தாள். தெருவின் சட்டம் அவளுக்குத் தெரியும்: உணவில்தான் ஆகும், ஆகாது உண்டு, மருந்துக்குச் சூடும் இல்லை, வாயுவும் இல்லை. அவித்த முட்டையைத் தோலுரித்து, நாலாக நறுக்கி, மருந்துக் கிண்ணத்தில் வைத்து, மேலே துளி மிளகுப்பொடி தூவுவாள். கடலை மிட்டாயைக் காகிதத்தில் பொட்டலம் கட்டுவாள். கீரையைக் கடைந்து கண்ணாடிப் புட்டியில் ஊற்றுவாள். ரத்தம் ஊறும் டானிக்கோடு எல்லாவற்றையும் தங்கபுஷ்பம் விடுதியில் வைத்தே விழுங்குவாள். முட்டை முட்டைதான் என்று அன்னம்மாளுக்குத் தெரியாதா என்ன? பெயர் மாறிவிட்டதால் அவளுக்கு மறுக்கவேண்டிய கடமை இல்லாமல் போயிற்று. தவறாமல் மருமகளை அழைத்து வந்தாள். ஒருநாள் கிண்ணத்தை எட்டிப் பார்த்து எஸ்தரை அதட்டவும் செய்தாள். "ஏளா, மருந்துன்னா பிசினாரித்தனம் பண்ணாத. ரெண்டாக் குடு."

வாயைக் கட்டிய புண்ணியம்

அந்த மாதங்களில் காய்ச்சல் வரவில்லை. கண்ணிமை சிவந்தது. குயவர் மண் எப்போது நின்றது என்று அவளுக்கே தெரியாது. பசி தீர்ந்ததும் அது போய்விட்டது. மழை விட்டு வெயில் வந்த ஒரு காலையில் பெண் குழந்தை பிறந்தது. நல்ல எடை, நல்ல குரல். டாக்டரம்மா சிரிப்பதை அபூர்வமாகத்தான் பார்க்கலாம், அன்று சிரித்தார். தங்கபுஷ்பம் களைத்துப்போய்க் குழந்தையின் விரல்களைப் பிரித்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்னம்மாள் பேடா வாங்கி வந்து வார்டு முழுவதும் கொடுத்தாள். ஒவ்வொரு கட்டிலிலும் நின்று கதையைச் சொன்னாள். மருமகள் இந்தத் தடவை பப்பாளியைக் கண்ணாலும் பார்க்கவில்லையாம். பாருங்கள், ஆண்டவர் பிள்ளையைக் கொடுத்தார். எனக்குப் பொறுக்கவில்லை. கையைப் பிடித்து நிறுத்தி, முட்டை, கீரை, டானிக், காய்ச்சல் வராதது என்று எல்லாவற்றையும் சொன்னேன். அதனால்தான் அம்மா, பப்பாளியால் அல்ல என்றேன். அவள் என் வாயில் ஒரு பேடாவை வைத்தாள். மறுக்கவே இல்லை. "நீங்க சொல்லுதது சரிதான். மருந்து நல்ல மருந்து. ஆனா உள்ள பப்பாளி போயிருந்தா எந்த மருந்து நின்னுருக்கும் டீச்சர்?"

யோசித்துப் பாருங்கள். இந்தப் பிள்ளையும் போயிருந்தால், பப்பாளி தின்னாமலும் போகும் என்று தெருவே ஒப்புக்கொண்டிருக்கும். பிள்ளை பிழைத்துவிட்டது, அதனாலேயே முதல் பிள்ளையின் வழக்கு அவளுக்கு எதிராக முடிந்துவிட்டது. எஸ்தர் நறுக்கிய முட்டைகள் எல்லாம் எதிர்த்தரப்புச் சாட்சிகளாகிவிட்டன. வார்டில் யாரும் தங்கபுஷ்பத்தைத் திட்டவில்லை. பக்கத்துக் கட்டில்காரி மட்டும், ஆறுதலாகத்தான், "போகட்டும்ளா, அப்ப உனக்கு வெவரம் தெரியல" என்றாள்.

நல்லவர் வந்த நேரம்

சாயங்காலம் சவரிமுத்து வந்தார். கிடங்கில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, குளித்து, தேய்த்த சட்டை போட்டு வந்திருந்தார். அப்படியும் நகக்கண்ணில் தோல் சாயம் இருந்தது. அதனால் குழந்தையை விரலால் தொடாமல் புறங்கையால் தொட்டார். ஒரு பையில் மோசம்பிப் பழங்கள், நம் ஊர்ச் சாத்துக்குடிதான். ஒன்றை உரித்து, சுளையிலிருந்து விதை நீக்கி, மனைவியின் வாய்ப்பக்கம் கொண்டுபோனவர் பாதியில் நிறுத்தினார். எஸ்தரைத் திரும்பிப் பார்த்து, "இது திங்கலாமா சிஸ்டர்?" என்று கேட்டார். தின்னலாம் என்றாள் எஸ்தர். ஊட்டினார். அவள் மென்றாள்.

பிறகு எழுந்து என்னிடம் வந்தார். கூச்சமான மனிதர், தரையைப் பார்த்துத்தான் பேசினார். குரலில் அவ்வளவு பிரியம். குற்றம் சொல்கிற எண்ணம் அவருக்குக் கனவிலும் இருந்திருக்காது. "அடுத்தாப்புல இவ எதெதத் திங்கக்கூடாதுன்னு எங்கிட்டச் சொல்லிருங்க டீச்சர். அவ சின்னவ, ஆசப்பட்டுருவா. இனிமே நான் பாத்துக்கிடுதேன்."

கட்டில் எட்டடி தூரம்கூட இல்லை. அவளுக்குக் கேட்டது. அத்தனை காலமாக அவர் முகத்தில் தேடிக்கொண்டிருந்த பதில், மோசம்பி வாசனையோடு வந்து சேர்ந்துவிட்டது. இல்லை என்று சொல்ல அவளுக்கு இடமே இல்லை. அவர் எதையும் கேட்கவில்லையே, மன்னித்தல்லவா விட்டார்.

அவர் போன பின் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, டாக்டரம்மா சொன்னதை மறுபடியும் சொன்னேன். காய்ச்சல், ரத்தம், எல்லாம். மாணவியைப் போலத் தலையாட்டினாள். குழந்தை பாலுக்கு அழுதது. எடுத்து மார்பில் போட்டுக்கொண்டு, அதன் உச்சந்தலையைப் பார்த்தபடியே சொன்னாள்: "இவ பொறக்கிற வரைக்கும் எனக்கு நிச்சயமாத் தெரியும் டீச்சர், அது என்னால இல்லன்னு. இப்பத்தான் தெரியாமப் போச்சு."

கர்ப்பிணி எதை விலக்க வேண்டும் என்று சொல்ல எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். விலக்கி, பெற்று, பிழைத்த பின் வந்து சேருகிற பழியை விலக்கச் சொல்லித்தர, அந்த விடுதியில் அன்று உத்தியோகம் எதுவும் காலியாக இல்லை.